இரண்டு கதவுகள், ஒன்றில்தான் நுழையலாம்

கேள்வி: என் கணவர் நாமக்கல்லில் லாரி கிளீனர். சம்பளம் 18,000 ரூபாய். 2025 ஆகஸ்டில், ஓரமாக நின்ற லாரி மீது டேங்கர் மோதி அவர் ஒரு காலை இழந்தார். முதலாளி 50,000 ரூபாய் கொடுத்து, 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று கையெழுத்து வாங்கிவிட்டார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. அந்தக் கையெழுத்தை எண்ணி அஞ்சாதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று, விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. கால் போனவரிடம் இப்படி எழுதி வாங்குவது கொடுமை.

அந்தச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு செய்தால், யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது நடந்தது என்பதே போதும். ஆனால் தொகை சூத்திரப்படிதான்: சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கு. வலிக்கும் வேதனைக்கும் தனியாக ஒன்றும் கிடையாது.

இன்னொரு வழி மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். அங்கே டேங்கர் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் முழுச் சம்பளம், எதிர்கால வருமானம், வலி, செயற்கைக் கால் எல்லாம் கணக்கில் வரும். நின்ற வண்டி மீது மோதியதால் உங்களுக்கு இதுவே நல்லது என்பேன். முதல் தகவல் அறிக்கை யார் மீது என்று மட்டும் பாருங்கள்.

இரண்டிலும் கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு தடுக்கிறது. தீர்ப்பாயத்துக்குச் சட்டம் 6 மாத வரம்பு வைத்திருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இன்றே போங்கள்.