குறுந்தட்டுப் பாடல்களை எம்பி3 ஆக்கலாமா?

கேள்வி: சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிச் சேர்த்த கர்நாடக இசைக் குறுந்தட்டுகளைக் கணினியில் ஃபிளாக் கோப்புகளாக வைத்துள்ளேன். காரிலுள்ள பழைய பிளேயர் எம்பி3 மட்டுமே வாசிக்கிறது. எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிட்டு, இடம் மிச்சமாக ஃபிளாக்கை அழித்துவிடலாமா? வேண்டும்போது திரும்ப மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?
– வாசகி, ஈசூன்

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். குறுந்தட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தரவு இருக்கிறது. ஃபிளாக் அதில் எதையும் இழக்காமல் சுருக்குகிறது. எம்பி3யோ, காது எளிதில் கவனிக்காது என்று கணிக்கும் ஒலிகளை நீக்கியே கோப்பைச் சிறிதாக்குகிறது. அந்த எம்பி3யை மீண்டும் ஃபிளாக் ஆக்கினால் கோப்பு பருக்குமே தவிர, தம்புராவின் கார்வையில் இழந்த நுட்பம் மீளாது. எம்பி3யை இன்னொரு சுருக்க வடிவத்துக்கு மாற்றினாலோ இழப்பு மேலும் கூடும்.

ஆகவே ஃபிளாக்கை மூலப்படியாகக் கருதி, வெளி வன்வட்டு ஒன்றிலும் நகல் வைத்துவிட்டு, காருக்கென ஃபூபார்2000 போன்ற இலவச மென்பொருளில் 320 கிலோபிட் எம்பி3 படிகளைத் தனிக் கோப்புறையில் உருவாக்குங்கள். மாதிரி அலைவெண் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) குறுந்தட்டில் உள்ளபடி 44.1 கிலோஹெர்ட்ஸாகவே இருக்கட்டும். அதை உயர்த்துவதால் பயனில்லை. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள், ஏனெனில் பழைய கார் பிளேயர்கள் பல பிற முறைகளை ஏற்பதில்லை. தமிழ்த் தலைப்புகள் கட்டங்களாகத் தெரிந்தால், காருக்கான படிகளில் மட்டும் அவற்றை ரோமன் எழுத்தில் இடலாம்.

ஐபோனின் மியூசிக் செயலிக்கு வேண்டுமானால் ஃபிளாக்கை ஆப்பிளின் ஏலாக் வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டுமே இழப்பற்றவை என்பதால் அந்த மாற்றத்தில் இசை சிறிதும் குறையாது.