445 நாள் நீண்ட ஆண்டு: கி.மு. 46 பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கி.மு. 46ஆம் ஆண்டுக்கு ரோமில் 445 நாள் என்று படித்தேன். அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. ரோமர்களின் சாதாரண ஆண்டுக்கு அப்போது 355 நாள்தான். பருவத்தோடு ஒத்துப்போவதற்காக இடையிடையே பிப்ரவரியை ஒட்டி ஒரு மாதத்தைச் செருகுவார்கள். எப்போது செருகுவது என்பது பூசாரிகள் சபையின் முடிவு. அந்தச் சபையின் தலைவர் ஜூலியஸ் சீசர். அவரோ முதலில் இன்றைய பிரான்ஸ் பகுதியிலும் பிறகு உள்நாட்டுப் போரிலும் ஆண்டுக்கணக்காகச் சிக்கியிருந்தார். செருகல் தவறிக்கொண்டே போய், அறுவடைத் திருநாள் கோடையில் வராத நிலை ஏற்பட்டது. உழவனுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்! ஆகவே சீசர் பிப்ரவரியில் 23 நாளும், நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு மாதங்களாக 67 நாளும் சேர்த்தார். கூட்டிப் பாருங்கள், 445 வரும். பிற்காலத்தில் மக்ரோபியஸ் என்ற ரோம எழுத்தாளர் இதைக் "குழப்பத்தின் கடைசி ஆண்டு" என்று எழுதினார். என்னைக் கேட்டால், குழப்பமெல்லாம் முந்தைய ஆண்டுகளுடையது. இது அதைத் தீர்த்த ஆண்டு.

கேள்வி: அன்றைய ரோமர் இந்த ஆண்டை எப்படிக் குறிப்பிட்டிருப்பார்?

பதில்: "சீசர் மூன்றாம் முறையும் லெப்பிடஸும் கான்சல்களாக இருந்த ஆண்டு" என்றுதான். கான்சல்கள் என்றால் ஆண்டுதோறும் பதவியேற்கும் இரு தலைமை ஆட்சியாளர்கள். கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் முறையை டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி வகுத்ததே கி.பி. 525இல்.

கேள்வி: மற்ற நாடுகளில்?

பதில்: சீனாவில் ஹான் பேரரசர் யுவானின் "சூயுவான்" என்ற ஆட்சிக் காலப் பெயரில் 3ஆம் ஆண்டு. எகிப்தில் கிளியோபாட்ராவின் 6ஆம் ஆட்சியாண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் 7ஆம் ஆட்சியாண்டு பிறந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது பாபிலோன். அங்கே வசந்தத்தில் தொடங்கிய ஆண்டு அப்போது ஆண்ட பார்த்தியரின் கணக்கில் 202, அவர்களுக்கு முன் ஆண்ட செலூசிட் அரசர்களின் கணக்கில் 266. களிமண் பலகைகளில் இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதினார்கள். 19 ஆண்டுக்கு 7 அதிக மாதம் என்ற கணிதம் நூற்றாண்டுகளாக அவர்கள் கையில் இருந்தது. அங்கே அரசியலுக்காக மாதம் தவறவில்லை.

கேள்வி: ஐயா, கலி 3056 என்று எழுதலாமா? திருவள்ளுவர் ஆண்டில் எவ்வளவு?

பதில்: கழித்துப் பார்த்தால் கலி 3056 சரிதான். ஆனால் கலியாண்டுக் கணக்கு நமக்குத் தெளிவாகக் கிடைப்பது ஆரியபட்டரிடம், கி.பி. 499க்கு 3600 ஆண்டுகள் கழிந்தன என்கிறார். கி.மு. 46இல் வாழ்ந்தவர் வாயில் அந்த எண்ணை வைக்காதீர்கள். திருவள்ளுவர் ஆண்டு கி.மு. 31இல் தொடங்குவதால், அதற்கும் 15 ஆண்டு முந்தையது இது.

கேள்வி: சீசரின் புது நாள்காட்டி உடனே ஒழுங்காக ஓடியதா?

பதில்: இல்லை. நான்காவது ஆண்டுதோறும் ஒரு மிகுநாள், அதாவது கூடுதல் நாள், சேர்ப்பதே அந்த நாள்காட்டியின் விதி. அவர் கி.மு. 44இல் கொல்லப்பட்ட பிறகு, "நான்காவது ஆண்டுதோறும்" என்பதைத் தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்றாண்டுக்கு ஒருமுறை மிகுநாள் சேர்த்துவிட்டார்கள். 36 ஆண்டில் 9க்குப் பதில் 12. பின்னர் பேரரசர் அகஸ்டஸ் மிகுநாளைச் சில காலம் நிறுத்திவைத்துத்தான் அதைச் சரிசெய்தார். அந்தக் காலத்து ரோமானியத் தேதி ஏதாவது உங்கள் கணக்கோடு ஓரிரு நாள் இடித்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.