மூணாறு குளிருக்கு எந்த ரூம் ஹீட்டர் நல்லது?

தேவிகுளம் பக்கம் லயத்து வீடு, சின்ன அறை, வயதான அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆயில் ஹீட்டர்தான் என் கட்சி. சூடாக அரை மணி நேரம் ஆகும், தூக்கவும் கனம். ஆனால் சத்தமில்லை, அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்ச நேரம் கதகதப்பைத் தரும்.

ஃபேன் ஹீட்டர் விலை குறைவு, உடனே சூடு வரும். நிறுத்திய ஐந்தாவது நிமிடம் ஜனவரிக் குளிர் ஓட்டிடுக்கு வழியாக இறங்கிவிடும். சிவப்பாக எரியும் கம்பி ஹீட்டர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். முட்டி சுடும், முதுகு நடுங்கும். போர்வை பக்கத்தில் வரவே கூடாது.

கரண்ட் பில்லில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். எதுவானாலும் 2000 வாட்டில் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் 2 யூனிட். ஆயில் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருந்தால் இடையிடையே தானே நின்றுகொள்ளும், அவ்வளவுதான்.

அப்புறம் பிளக். 2000 வாட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாகச் செருகுங்கள். எங்கள் வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, அது அப்பளம் மாதிரி பொங்கிவிட்டது.

கரிச்சட்டியை மட்டும் மூடிய அறையில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.