எதிர்த்து 4

அன்புள்ள ஐயா,
நான் சட்டக் கல்லூரி மாணவன். பெரும்பான்மை பெற்ற கட்சி, மக்களுக்கு நல்லது செய்வதற்காக அவை மரபை மீறினால் என்ன குற்றம்? மரபைக் கட்டிக்கொண்டு அழுதால் எந்தச் சீர்திருத்தமும் நடக்காது. அமெரிக்க செனட்டிலும் மீறத்தானே செய்கிறார்கள்?
எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

உங்கள் அவசரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘கட்டிக்கொண்டு அழுதால்’ என்பது சட்டம் படிக்கும் பிள்ளை எழுதுகிற வாக்கியமா? அமெரிக்காவை விடுங்கள். நியமனத்தின் மீதான விவாதத்தை முடிக்க நூறு பேரில் அறுபது பேர் சம்மதிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். 2013-இல் ஜனநாயகக் கட்சி கீழ் நீதிமன்ற நியமனங்களுக்காக உடைத்த அந்த வழக்கத்தை, 2017-இல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்கும் உடைத்துக்கொண்டது.

2020 செப்டம்பர் 20 சில நாட்களாகவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்களைக் குரல் வாக்கெடுப்பில், அதாவது தலைகளை எண்ணாமல் எந்தக் குரல் ஓங்குகிறது என்று பார்த்து, நிறைவேற்றினார்கள். எதிர்க்கட்சியினர் வாக்குகளை எண்ணச் சொன்னார்கள். ஓர் உறுப்பினர் கேட்டாலும் எண்ணுவதுதான் மரபு. அவர்கள் தங்கள் இருக்கையிலிருந்து அதைக் கோரவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா தம் இருக்கையிலிருந்தே கோரியது காணொளியில் இருக்கிறது. அவையின் நடுவே கூச்சலிட்டவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. பெரும்பான்மை கையில் இருந்ததென்றால் எண்ணுவதில் என்ன நஷ்டம்? ஓராண்டு விவசாயிகள் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் கிடந்தபின், 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களை நீக்கினார்கள். அதையும் விவாதமில்லாமல்தான் செய்தார்கள்.

என் தாத்தா எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர். இரண்டு எருமைகள் வைத்திருந்தார். பொதுக்குழுவில் பெரும்பாலும் தோற்கிற பக்கம்தான் கை தூக்குவார். செயலாளர் பென்சிலால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் ‘எதிர்த்து 4’ என்று எழுதுவார். தாத்தா வீட்டுக்கு வந்து பாட்டியிடம் “நாலு பேர்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்.

ஓர் ஆண்டு புதிய தலைவர், “எல்லோருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தை மூடிவிட்டார். மாட்டுத் தீவனத்துக்குக் கடன் தரும் தீர்மானம் அது. நல்ல தீர்மானம்தான், தாத்தாவே பிறகு அந்தக் கடனை வாங்கினார். ஆனால் அன்று தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. ஜமக்காளத்தைச் சுருட்ட வந்த பையன், “தாத்தா, கொஞ்சம் எழுந்திருங்கள்” என்று சொல்லும்வரை அது மேலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பொதுக்குழுவுக்கும் போகவில்லை.