அமிட்ரிப்டிலினும் நார்ட்ரிப்டிலினும் ஒன்றா? பாம்பன் தம்பிக்கு

வணக்கம் தம்பி. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் போட ஆரம்பித்த பிறகு அப்பாவுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், விடியற்காலை வள்ளத்தில் ஏறும்போது தலைசுற்றல் என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர் நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றலாம் என்கிறார், ரெண்டும் ஒன்றுதானே என்பது உங்கள் கேள்வி.

ஒன்றில்லை, நெருங்கிய சொந்தம். அமிட்ரிப்டிலினை ஈரல் உடைக்கும்போது உண்டாவதே நார்ட்ரிப்டிலின். மனச்சோர்வைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது, பக்கவிளைவில்தான் இருக்கிறது. அமிட்ரிப்டிலின் தூக்கத்தை அள்ளித் தரும். தூக்கமே வராதவருக்கு அது வரம், இருட்டோடு கடலுக்குப் போகிறவருக்குத் தொல்லை. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் அதில் கூடுதல். ஆடுகிற வள்ளத்தில் இது விளையாட்டில்லை. நார்ட்ரிப்டிலினில் இதெல்லாம் குறையும், அறவே போய்விடாது.

நம்ம ஊர் வெயிலுக்கு இன்னொன்று: இந்த மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கலாம், அப்போது உடம்பு சூடேறிவிடும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். சாராயம் வேண்டவே வேண்டாம்.

சிறுநீர் பிரியச் சிரமம், கண் அழுத்தம், இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லலாம். பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; எப்படிக் குறைப்பது என்று அவரே சொல்வார். அப்புறம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அட்டையைப் பூட்டி வையுங்கள். இவ்வகை மாத்திரை அளவு மீறினால் இதயத்தையே பாதிக்கும்.