ஊர் ஒத்துக்கொள்ளாது என்றால், யார் அந்த ஊர்?

கேள்வி: என் தங்கை கணவரை இழந்தவள். அவள் மகளுக்குக் கல்யாணம். ‘நீ மேடை ஏற வேண்டாம், பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்க்கட்டும்’ என்று முடிவு செய்துவிட்டார்கள். கேட்டால் ‘காலங்காலமாக வந்த வழக்கம், மாற்ற முடியாது’ என்கிறார்கள். மாற்ற முடியுமா, முடியாதா என்று எதை வைத்துச் சொல்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் மாலையே வரவேற்பு என்று போட்டிருக்கிறார்களா? தாலி ஏறுமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக மேடையில் நிற்பதை நம் பாட்டிமார் நினைத்துப் பார்த்திருப்பார்களா? நாலு நாள், ஐந்து நாள் கல்யாணம் ஒன்றரை நாளாகிவிட்டது. மண்டப வாடகை, லீவு என்று காரணம் வந்ததும் மாற்றிக்கொண்டோம். ஒரு தாயின் மரியாதை என்று வரும்போது மட்டும் வழக்கம் கல்லாகிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மா சாப்பாட்டுக் கூடத்து வாசலில், தூணை ஒட்டி நின்றார். அட்சதைத் தட்டு வந்தது. நாலு அரிசியை எடுத்தார். கெட்டிமேளம் கொட்டியபோது, மேடை எட்டாத தூரத்திலிருந்து அதைத் தன் காலடியிலேயே போட்டார். அப்புறம் உறவினர்களிடம் விசாரித்தேன். ‘எனக்கு ஒன்றுமில்லை, மத்தவங்க என்ன நினைப்பாங்களோ’ என்றார்கள், ஒருவர் விடாமல். அந்த ‘மத்தவங்க’ யாரென்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

சட்டம் வந்து மாற்றும் என்று இருக்காதீர்கள். விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மூலையில்தான் உட்கார்ந்தார்கள். சுயமரியாதைத் திருமணம் நேர்மாறு. சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமலே பல வருஷம் வீடு வீடாக நடத்தினார்கள். அண்ணா ஆட்சியில் 1967-ல்தான் சட்டத் திருத்தம் வந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பொதுவில் விவாதம் வேண்டாம். சம்பந்தியம்மாவில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் தனியாக, ‘உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?’ என்று கேளுங்கள். சாஸ்திரிகள் மறுத்தால் வேறொருவரைப் பாருங்கள். கடைசியில் உங்கள் தங்கையே தயங்கலாம். ‘என்னால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ என்ற பயம் லேசில் போகாது. அவளோடுதான் அதிக நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். முகூர்த்தத்தன்று அவளை யாரும் மைக்கில் கூப்பிட வேண்டாம். மகளே இறங்கி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும்.