நெருங்கியவர் இறந்தபோது மனதிலிருந்து ஓர் இரங்கலுரை எழுதுவது எப்படி?

கேள்வியைப் பார்த்தால் நினைவுக் கூட்டத்துக்கு ஓரிரு நாள்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. என் அக்கா இறந்த வாரத்தில் நானும் இப்படித்தான் தவித்தேன்.

முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். பாசத்தின் உருவம், பொறுமையின் சிகரம், ஈடு செய்ய முடியாத இழப்பு. அக்கா மகள் வாங்கிப் படித்துவிட்டு, "மாமா, இதுல அம்மா எங்க?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம், "நீயே சொல்லு, அம்மான்னா உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டேன். "கோபம் வந்தா பேசவே மாட்டாங்க. அலமாரியைக் கலைச்சுப் போட்டு அடுக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள்.

உண்மைதான். அலமாரிக் கதவுச் சத்தத்திலேயே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடைசி மாதத்தில், படுக்கையில் சாய்ந்தபடியே, டப்பாவிலிருந்து மாத்திரை அட்டைகளைக் கொட்டி மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நோயின் மேல் அவளுக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பழைய பக்கங்களை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எழுதினேன்.

இறந்தவளின் கோபத்தையா பேசுவது என்று உறவினர் ஒருவர் பிறகு வருத்தப்பட்டார். இங்கேயும் சிலர் அதையே கேட்கலாம். நான் பழிக்கவில்லை. பழைய மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளும் இடம் அது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை என்ற இரங்கல் பாட்டே, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான் என்றுதான் தொடங்குகிறது. அவன் வீரம் பிறகுதான் வருகிறது.

மற்றபடி, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தாளின் ஒரு பக்கம் மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, பக்க எண் போடுங்கள். எந்த இடத்தில் குரல் உடையும் என்பது வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். இன்னொரு பிரதியை யாரிடமாவது கொடுத்து வையுங்கள். மாத்திரை அட்டை வரியில் எனக்குக் குரல் போய்விட்டது. மீதியை அக்கா மகள்தான் எழுந்து வந்து படித்தாள்.

அதை ஒருவர் செல்போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். அவள் அழுவது முழுவதும் அதில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். இன்று வரை எடுக்கவில்லை. உங்கள் கூட்டத்தில் யாரும் படம் பிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.